நாற்பத்தொரு சல்யூட்

அத்தியாயம் 6

“பீரோ வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நன்கொடை கொடுத்திருக்காங்க. எவ்வளவு தாராள மனசு பாருங்க தம்பி” என்றார் அண்ணி.

நான் டீ கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணி கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் பச்சை மையில் ‘வீடு வீடாகச் சென்ற விவரம்’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தது. எழுதியவள் பன்னிரண்டு வயதுப் பெண், சாரணர் படையின் பதிவாளர். எங்களிடம் இந்த வழக்கைக் கொண்டுவந்தவரின் மகள்.

எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அண்ணி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டதும் சலவைக்கடை மாடியில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி போட்டுத் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். நான் அவருடைய கொழுந்தன். மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்து, டார்கெட் எட்டாமல் வெளியே வந்தவன். வீட்டில் உட்கார்ந்து ரிமோட்டைத் தேய்க்காதே என்று அண்ணன் என்னை அண்ணியிடம் ஒப்படைத்தார். விசிட்டிங் கார்டில் உதவியாளர் என்று போட்டிருக்கிறது. வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, வாயடிப்பது இந்த மூன்றும் என் துறை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

வழக்கு இதுதான். குடியிருப்போர் சங்கத்தின் சாரணர் படைக்குப் புதுக் கூடாரம் வேண்டும். பழையதில் வெளியே பெய்வதைவிட உள்ளேதான் மழை அதிகம். அதற்காகப் பிள்ளைகள், பணம் தருகிறவர்களுக்குக் கொடுக்கத் தாங்களே தைத்த துணிப்பைகளைத் தூக்கிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக நன்கொடைக்குப் போனார்கள். மூன்று தெரு, அறுபத்து நான்கு வீடு. அதில் நாற்பத்தொரு வீட்டில் ஒரே பதில்தான் கிடைத்தது: ஏற்கெனவே கொடுத்தாச்சு.

பிள்ளைகள் அதற்கு முன்னால் யாரிடமும் போகவில்லை. அப்படியானால் வாங்கிக்கொண்டு போனது யார்? யாரோ சாரணர் பேரைச் சொல்லி முந்திக்கொண்டார்கள் என்று படையின் தலைவர் தீர்மானித்தார். தலைவர் பல் டாக்டர். பிடித்ததைப் பிடுங்காமல் விடமாட்டார். சீருடையும் ரசீதுப் புத்தகமும் இருக்கிற அலமாரியின் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருகிறவரும் அவர்தான். எனவே அவர்தான் திருடன். அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற சாரணர் ஆசிரியர், பிழைப்புக்குப் பிளம்பர். பதினோரு வருஷமாக ஒரு பைசா வாங்காமல் அடுத்தவர் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடவும் திசை பார்க்கவும் சொல்லிக்கொடுத்தவர். இன்று மாலை ஐந்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, அவர் கழுத்து ஸ்கார்ஃபை எல்லார் முன்னாலும் கழற்றி வாங்கப்போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் எங்களைத் தேடி வந்தபோது உட்காரவே இல்லை. எங்கள் வாஷ்பேசின் குழாய் சொட்டுவதைப் பார்த்து, பேசிக்கொண்டே அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரமாக ஒரு வீட்டிலிருந்தும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்ததைச் சொல்லும்போது ஸ்பேனர் நின்றுவிட்டது.

“வேலை போனா வேற தெருவுல பார்த்துக்குவேன் மேடம். என் பொண்ணு ஒரு வாரமா என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்குறா. அவளும் நம்பிட்டா போலிருக்கு.”

கொடுமை என்னவென்றால், அவருக்கு எதிராக இருக்கிற முதல் சாட்சி அந்தப் பெண் எழுதிய நோட்டுதான். சங்கக் கமிட்டி அதில் நாற்பத்தொன்று என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இன்று காலை அதை எங்களிடம் கொடுத்த பிளம்பர், அது தன் டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனருக்கு அடியில் இருந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றார். தானா நடந்து வந்திருக்கும் என்று சொல்லி அண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்.

நோட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. ‘நிதி திரட்டும் சாரணர்க்கு நன்னெறிகள் நாற்பத்திரண்டு’. ஆக்கியோன் நம் பல் டாக்டர். மணியை ஒரே முறை அழுத்தி, இரண்டடி பின்வாங்கி, இருபது வரை எண்ண வேண்டும் என்பது நான்காம் விதி. நாய் குரைத்தால் நாயோடு வாக்குவாதம் கூடாது என்பது ஆறாவது. கொடுத்த தொகையைப் பார்த்து முகம் மாறக்கூடாது என்பது பதினொன்று. பதினேழாம் விதி, வீட்டில் கண்டதையும் கேட்டதையும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும், சொந்தக் கருத்து சேர்க்கக்கூடாது என்றது. நான் ரெப்பாக இருந்தபோது இந்தப் புத்தகம் கிடைத்திருந்தால் இன்னும் சீக்கிரமாகவே வேலை போயிருக்கும்.

பதிவாளர் பெண் பதினேழாம் விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம், கண்டது, கேட்டது என்று மூன்று கட்டம். ஓரிடத்தில், கண்டது: ஓர் அங்கிள் சோபாவில் படுத்திருந்தார். கேட்டது: ‘வீட்டுல யாரும் இல்ல.’ இன்னோரிடத்தில், கண்டது: எங்களைப் பார்த்ததும் ஆன்ட்டி போனைக் காதில் வைத்தார், போன் தலைகீழாக இருந்தது. கேட்டது: ‘முக்கியமான கால், அப்புறம் வாங்க.’ எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்காமல் இருபத்தேழாம் கதவின் மேல் விரலை வைத்தார்.

‘நேரம்: 10.40. கண்டது: லாரியிலிருந்து பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் திரை இல்லை. கேட்டது: போன வாரமே கொடுத்தாச்சு. சல்யூட் அடித்தோம்.’

“போன வாரம் அந்த வீட்டுல பல்லிகூட குடி வந்திருக்காதே அண்ணி” என்றேன்.

“வண்டியை எடுங்க” என்றார்.

மணி இரண்டரை.

இருபத்தேழாம் எண் வீட்டில் இன்னும் பாதி அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. ஒன்றின் மேல் ‘கிச்சன், உடையும்’ என்று எழுதியிருந்தது. அதன் மேல்தான் எங்களை உட்காரச் சொன்னார் அந்த வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்து காலணியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அண்ணி நன்கொடைப் பேச்சையே எடுக்கவில்லை. அழகான பீரோ, மூலையில் ஏன் இப்படிக் கீறல் என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், நர்ஸ் பொரிந்து தள்ளிவிட்டார். லாரிக்காரன் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று பத்தரைக்கு வந்தானாம், இறக்க வந்த ஆட்கள் பீரோவை வாசல் நிலையில் இடித்தார்களாம், இன்றோடு பதினான்கு நாள் ஆகிறதாம், இன்னும் சமையலறைக்கு பல்பு போடவில்லையாம்.

அண்ணி எல்லாவற்றுக்கும் த்சொ கொட்டிவிட்டு, நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் மடியில் வைத்தார். நர்ஸ் படித்தார். காது மடல் சிவந்துபோயிற்று.

“எனக்கே ஒரு மாதிரியாதான் இருந்துச்சு மேடம். நான் சொன்னது பொய்னு தெரியாம அந்தப் பசங்க எனக்கு விறைப்பா சல்யூட் அடிச்சிட்டுப் போனாங்க.”

பிறகு எல்லாம் தானாக வந்தது. குடிவந்த அன்று காலை பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் ஒரு ஜக் தண்ணீரும் மூன்று அறிவுரையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குப்பை வண்டி ஆறரைக்கு வரும், நிற்காது. மொட்டைமாடிச் சாவி எட்டாம் நம்பர் வீட்டில் கேட்க வேண்டும். சாரணர் பசங்க வந்தால் ஏற்கெனவே கொடுத்தாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பேச்சு இல்லாமல் போய்விடுவார்கள். புது இடத்தில் எல்லாரும் செய்வதைச் செய்வோம் என்று இவரும் சொல்லிவிட்டார். ஊரோடு ஒட்ட வேண்டுமே என்று ‘போன வாரமே’ என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்திருக்கிறார்.

இதனால் ஒருவர் மேல் திருட்டுப் பழி விழுந்திருக்கிறது என்று அண்ணி சொன்னதும் நர்ஸ் எழுந்து நின்றுவிட்டார். மாலை மறுபடி டூட்டி, கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்லி, நாங்கள் கேட்காமலே ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தெருவிலேயே நல்ல மனுஷி அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. குடிவந்து பதினான்கு நாள்தானே ஆகிறது, இன்னும் பழகவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு மனசு துள்ளியது. திருடனே இல்லை, கூட்டத்தில் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். ஒரு வீடு பொய் சொன்னதால் மற்ற நாற்பது வீடும் பொய் என்று ஆகிவிடாது, டாக்டர் அதையே பிடித்துக்கொள்வார் என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டு மணியை ஒரே முறை அழுத்தி, இரண்டடி பின்வாங்கி நின்றார். நான் இருபது வரை எண்ணினேன்.

டியூஷன் டீச்சர் கமிட்டியிடம் திருடனைப் பற்றி விவரமாக வாக்குமூலம் கொடுத்தவர். உயரமான ஆள், மீசை, கறுப்புப் பை. பிளம்பருக்கு மீசை கிடையாது. ஒட்டு மீசையாக இருக்கும் என்று கமிட்டி அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தது. நாங்கள் போனபோது உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய அட்டை ஒன்றில் ‘உண்மையே பேசு’ என்று வண்ண வண்ணமாக எழுதித் தொங்கவிட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

அண்ணி பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அந்த ஆளைப் பற்றி இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டார். டீச்சர் மறுபடி சொன்னபோது திருடன் கொஞ்சம் நொண்டினான். அப்படியா, எந்தக் கால் என்று அண்ணி கேட்டதும் அவனுக்கு இடது கன்னத்தில் ஒரு தழும்பும் வந்தது. விட்டால் பின்னணி இசையோடு வருவான் போலிருந்தது. அண்ணி எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, நர்ஸ் கொடுத்த தாளை மேஜையில் விரித்து வைத்தார்.

டீச்சர் படித்துவிட்டு உள்ளே திரும்பி, சத்தமாகச் சொல்லுங்க என்று பிள்ளைகளை அதட்டினார். வாய்பாடு உச்சஸ்தாயிக்குப் போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் உண்மையைச் சொன்னார்.

“தெருவே அப்படிச் சொல்லும்போது நான் மட்டும் கொடுத்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க? நான் பெருமைக்குக் கொடுக்கிறேன்னு பேசுவாங்க. சரி, சொல்லிட்டேன். அப்புறம் டாக்டர் நேர்ல வந்து யார்கிட்ட கொடுத்தீங்க, எப்படி இருந்தான்னு கேட்கிறார். தெரியாதுன்னு சொன்னா நல்லா இருக்குமா? அதான் ஒரு மீசையை வச்சேன்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த மீசையால் ஒரு மனுஷன் சோறு போயிற்று என்று வாய்வரை வந்ததை, அண்ணி முகத்தைப் பார்த்து விழுங்கினேன். அண்ணி அவரைத் திட்டவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்படிச் சொன்னால் போய்விடுவார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

டீச்சர் போனை எடுத்துக் குடியிருப்போர் குரூப்பைத் திறந்தார். பிள்ளைகள் வசூலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் வந்த செய்தி அது. நன்னெறிகள் நாற்பத்திரண்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒன்பதாம் விதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

‘ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்று சொல்லும் இல்லத்தில் மறுபேச்சு கூடாது. நன்றி கூறி, சல்யூட் அடித்து, அடுத்த இல்லம் செல்க. அவ்வில்லத்தில் மறுமுறை கேட்பது படைக்கே இழுக்கு.’

அதன் கீழே ஐம்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் நிமிர்ந்து நின்றன.

யார் அனுப்பியது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் அண்ணி போனைத் திருப்பிக்கொண்டார். பெயரைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இன்ஷூரன்ஸ் காலத்துச் சிரிப்பு. எரிந்துபோன கடையில் எரியாத பில் புத்தகத்தைப் பார்த்தால் வரும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தியைத் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் சந்திப்போம் என்று டீச்சரிடம் கும்பிட்டு வெளியே வந்தார்.

வழியில் யார் யார் என்று நான் நச்சரித்தேன். அண்ணி பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜெராக்ஸ் கடையில் நிறுத்துங்க என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

சமுதாயக் கூடத்துக்குப் போனபோது ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம். சாரணப் பிள்ளைகள் சீருடையில் வாசல் படிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிஞ்சிய துணிப்பைகள் ஒரு மூட்டையாக ஓரத்தில் கிடந்தன. பெரியவர்கள் கூட்டத்தில் சிறுவர் இருக்கலாகாது என்று முப்பத்தொன்றாம் விதி சொல்கிறதாம். பதிவாளர் பெண் கடைசிப் படியில் தனியாக இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் அப்பாவும் தனியாகத்தான் இருந்தார். முன்வரிசையில் பன்னிரண்டு நாற்காலி, அதில் அவர் ஒருவர். கூடம் நிரம்பி, பின்னால் நின்றுகொண்டிருந்தவர்கள்கூட அந்த வரிசைக்கு வரவில்லை.

டாக்டர் மைக்கைத் தட்டி, ஊதி, மறுபடி தட்டிவிட்டு ஆரம்பித்தார். மூன்று தெருவிலும் தானே வீடு வீடாகப் போய்த் திருடனின் அடையாளங்களைத் திரட்டியதாகச் சொல்லி, ஃபைலைத் திறந்து வாசித்தார். மீசை வைத்தவன். மீசை இல்லாதவன். குள்ளம். நெட்டை. சைக்கிளில் வந்தான். ரெயின்கோட் போட்டிருந்தான். இரண்டு பெண்கள். நான்கு பேர் கொண்ட கும்பல். ஒரு வீட்டில் அவன் இருமினான். ஃபைலை மூடிவிட்டு, குற்றவாளி மாறுவேஷத்தில் கைதேர்ந்தவர் என்று டாக்டர் சொன்னபோது கூடமே உச்சுக் கொட்டியது. பிளம்பர் தலையைக் குனிந்தபடி ஸ்கார்ஃபின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

அண்ணி எழுந்து, சாரணர் ஆசிரியர் சார்பில் வந்திருக்கிறேன், ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்றார். மேடைக்கு ஏறிப் போய் மைக்கை வாங்கினார். திருட்டு நடந்திருக்கிறது, இதில் சந்தேகமே இல்லை என்று அவர் சொன்னதும் பிளம்பர் நிமிர்ந்து பார்த்தார். நானும்தான். இவ்வளவு பெரிய திருட்டைக் கமிட்டி அளவில் முடித்துவிடக்கூடாது, போலீசுக்குப் போக வேண்டும், அதற்கான புகாரைத் தயாராகக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். இன்ன தேதியில் இன்ன ஆளிடம் இவ்வளவு கொடுத்தேன், இது பொய்யானால் சட்டப்படியான நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். கீழே நாற்பத்தொரு கோடு. ஆளுக்கு ஒரு கையெழுத்து போட்டால் போதும், இன்றைக்கே கொடுத்துவிடலாம்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பேனாவை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் தாளை அட்டையில் செருகி இரண்டாம் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன்.

என் ரெப் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் தவிர்த்திருக்கிறார்கள். அன்று கண்டது மாதிரி ஒரு தவிர்ப்பைக் கண்டதில்லை. முதல் ஆள் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. அடுத்தவர், கையெழுத்தெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் என்றார். வீட்டுக்காரர், நன்கொடையெல்லாம் இவள்தான் என்றார். ஒருவர் பேனாவை வாங்கி, உதறி, மை வரவில்லை என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஒருவருக்கு வலது கை சுளுக்கு. டியூஷன் டீச்சர் குனிந்து தரையில் எதையோ தேட ஆரம்பித்து, நான் அந்த வரிசையைக் கடக்கும்வரை நிமிரவே இல்லை. தாள் கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. நாற்பத்தொரு கோடும் காலி.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் தயங்குகிறீர்கள், போடுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களுக்குத் தைரியம் வரும். நீங்களே போடுங்க டாக்டர்” என்றார் அண்ணி. “லிஸ்ட்ல முதல் வீடே உங்க வீடுதான்.”

டாக்டர் என்ன உளறல் என்பது போலப் பார்த்தார். அண்ணி நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து மைக்கில் வாசித்தார். நேரம் 9.05. கதவு எண் ஒன்று. கண்டது: புது ஷூ ரேக். கேட்டது: ஏற்கெனவே கொடுத்தாச்சு. நாற்பத்தொன்று என்று எண்ணிய டாக்டர், எந்தெந்த வீடு என்று பார்க்கவே இல்லை. அவர் மெல்லத் திரும்பி மூன்றாம் வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா எழுந்து நின்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

“என்னை ஏன் பார்க்கிறீங்க? நீங்கதானே அந்த ஒன்பதாம் விதிக்கு வட்டம் போட்டு, எல்லாரும் கவனிக்கவும்னு குரூப்புல அனுப்பினீங்க. கவனிச்சேன்.”

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அண்ணி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிய தாளை என்னிடம் கொடுக்க, நான் மேடையில் தூக்கிப் பிடித்தேன். சிவப்பு வட்டம், ஐம்பத்தெட்டுக் கட்டைவிரல், மேலே டாக்டரின் பெயர். நாற்பத்திரண்டில் இதுதான் தன் தலைசிறந்த விதி என்று பெருமைப்பட்டு அவரே வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். வந்த கட்டைவிரல்களைத் தன் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எண்ணிக்கொண்டார். கண்ணியம் கற்றுக்கொடுக்கிறேன் என்று போய், பிள்ளைகளை விரட்டும் மந்திரத்தை ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரையும் நம்பினார்கள். நாற்பத்தொரு வீட்டுக்கும் நன்றி சொல்லிச் சல்யூட் அடித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டாக்டர் தண்ணீர் குடித்தார். ஒன்றும் நடக்காதது போல மறுபடி மைக் முன்னால் வந்தார்.

“ஆக, திருட்டே நடக்கலைங்கிறது நமக்கெல்லாம் மகிழ்ச்சியான செய்தி. அடுத்த பொருள், வண்டி நிறுத்துற இடம்.”

கூடம் நிம்மதியாக மூச்சுவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசத் தயாரானது. எனக்குக் கையிலிருந்த தாளைக் கசக்கி வீசலாம் போல இருந்தது. அண்ணி முன்வரிசையைப் பார்த்தார். பிளம்பர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“எனக்கு மன்னிப்பு வேண்டாம் டாக்டர். வெளிய படியில என் பொண்ணு இருக்கா. நீங்க வந்து, உங்க அப்பா எடுக்கலைம்மான்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

மறுக்க டாக்டருக்கு வழி இல்லை, மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். மேடையை விட்டு இறங்கி வெளியே வந்தார். பிளம்பரும் அண்ணியும் நானும் பின்னால் போனோம். அவர் வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் கடைசிப் படிக்குப் போய், சின்னப் பிள்ளைகளுக்கு வாயைத் திறக்கச் சொல்லும் குரலில், ஒரு தவறு நடந்துவிட்டது, உன் அப்பா எதையும் எடுக்கவில்லை, அதை உன்னிடம் சொல்லத்தான் வந்தேன் என்றார்.

அந்தப் பெண் விறைப்பாக நின்றபடி கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்.

“அது எனக்கு முதல்லயே தெரியும் சார். தெரியாதவங்க உள்ளதான் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

டாக்டர் திரும்பி உள்ளே போனார். அண்ணி என்னைக் கூப்பிட்டு, துணிப்பை மூட்டையையும் ஒரு மேஜையையும் வாசலுக்கு நடுவில் இழுத்துப் போடச் சொன்னார். கூடத்துக்கு ஒரே வாசல்தான். நான்கு பிள்ளைகள் மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

பிளம்பர் மகள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தெரியும் என்றால் ஏன்மா என்னோடு பேசவில்லை என்று கேட்டார்.

“நான் எழுதினதை வச்சுத்தானேப்பா உன்னைத் திருடன்னாங்க. எழுதாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அப்புறம் எப்படி நான் உன் முகத்தைப் பார்ப்பேன்?”

அதுவரை விறைப்பாக இருந்தவள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, சரியா எழுதின, நீ சரியாத்தான் எழுதின என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணி சட்டென்று வேறு பக்கம் திரும்பி, மேஜை கோணலாக இருக்கிறது என்று என்னை அதட்டினார். மேஜை நேராகத்தான் இருந்தது. நான் அதை இன்னொரு தடவை நகர்த்தினேன்.

உள்ளே மைக் கீச்சென்றது. டாக்டரின் குரல் படிவரை கேட்டது. நம்ம சாரணர் ஆசிரியர் திருடவில்லை, பொய் சொன்னது நாம்தான், அதில் முதல் வீடு என் வீடு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் என்றார், வெட்கப்படுகிறேன் என்றார், இன்னும் என்னவோ சொன்னார். பிளம்பர் காதில் அதில் ஒரு வார்த்தையும் விழுந்ததாகத் தெரியவில்லை. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒன்பது நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த பள்ளிக்கூடக் கதையை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.